செலிக்காவின் டிக்கிக்கு அளந்து வாங்கிய ஷொக்

பழைய லிஃப்ட்பேக் கார் வைத்திருக்கும் யாருடைய டிக்கியைத் திறந்து பார்த்தாலும் உள்ளே கதவுக்கு முட்டுக்கொடுக்க ஒரு தடி கிடக்கும். தும்புத்தடிக் கட்டை, உடைந்த விக்கெட், திரைச்சீலைக் கம்பி, எதுவாகவும் இருக்கலாம். என் செலிக்காவோடு வந்தது ஒரு பிவிசி குழாய். காரை விற்றவர் அதை அளவாக அறுத்து, இரண்டு முனையிலும் சைக்கிள் டியூப் துண்டு சுற்றி, வழுக்காமல் நிற்கும்படி செய்திருந்தார். குழாய்க்கு இவ்வளவு மினக்கெட்டவர் கதவைத் தாங்கும் ஷொக்கையே மாற்றியிருக்கலாம். ஆனால் டிக்கி ஷொக் என்பது எல்லாரும் கடைசிக்குத் தள்ளிப்போடும் வேலை. எஞ்சின் ஒயில் ஒழுகினால் அன்றைக்கே கராஜுக்கு ஓடுகிறோம். தலைக்கு மேலே அவ்வளவு இரும்பும் கண்ணாடியும் தொங்கினால் ஒரு தடி தேடுகிறோம்.

வண்டி 1994ஆம் ஆண்டினது. டொயோட்டா 1993இல் இறக்கிய ஆறாம் தலைமுறை, முகத்தில் நாலு வட்ட விளக்கு இருக்குமே, அதுதான். பின்கண்ணாடியும் டிக்கிக் கதவும் ஒரே துண்டாக மேலே எழும். அதன் முதுகில் ஸ்பொய்லர் வேறு. இதை விற்றுவிட்டு ஒரு வேகன்ஆர் எடுப்போம் என்ற பேச்சு வீட்டில் வெகுகாலமாக உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025இல் திரும்ப விட்டார்கள். புதிதாக வருகிற வண்டிகளின் வரியைப் பார்த்த பிறகு அந்தப் பேச்சு கொஞ்சம் தணிந்திருக்கிறது. ஆனால் வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறிப் பையோடு நிற்கும்போது, "இது ஒரு நாளைக்கு என்ர தலையிலதான் விழப்போகுது, பாருங்கோ" என்று மனைவி சொன்னால் அதற்கு என்னிடம் பதில் இல்லை. குழாயை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் பையை வைக்கச் சொல்வது பதில் ஆகாது.

ஷொக் என்று நாம் சொன்னாலும் சில்லுப் பக்கத்து ஷொக் அப்சோபரும் இதுவும் வேறு வேறு. இது மூடிய ஓர் உருளை. உள்ளே நைதரசன் வாயுவை அழுத்தி அடைத்திருப்பார்கள், கூடவே கொஞ்சம் எண்ணெய். அந்த வாயு தண்டை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. தள்ளும் விசை என்பது உள்ளே இருக்கும் அழுத்தத்தைத் தண்டின் குறுக்குப் பரப்பால் பெருக்கி வருவது. 8 மில்லிமீற்றர் தண்டுள்ள 420 நியூட்டன் ஷொக் என்றால் உள்ளே ஏறத்தாழ 80 பார் அழுத்தம் இருக்க வேண்டும். கார் டயருக்கு நாம் அடிப்பது இரண்டு பார் சொச்சம். எண்ணெய்க்கு இரண்டு வேலை: சீல் காயாமல் பார்ப்பது, கதவு முழுதாகத் திறக்கும் கடைசி நேரத்தில் வேகத்தைத் தணிப்பது. ஷொக் பழுதாவது என்றால் பெரும்பாலும் சீல் தேய்ந்து வாயு கசிவதுதான். அது ஒரே நாளில் நடப்பதில்லை. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் இறங்கிக்கொண்டே போகும். அதனால்தான் எவருக்கும் அது உறைப்பதில்லை.

கொழும்பில் அது உறைக்காததற்கு இன்னொரு காரணம் நம்முடைய வெயில். வாயு சூடானால் அழுத்தம் ஏறும், குளிர்ந்தால் இறங்கும். ஒரு பாகைக்கு ஏறத்தாழ 0.33 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். நடுப்பகல் 32 பாகையில் வெள்ளவத்தையில் கதவைத் தாங்கிப் பிடிக்கும் ஷொக், விடிகாலை 11 பாகை நுவரெலியாவில் 7 சதவீதம் பலம் குறைந்து நிற்கிறது. நல்ல ஷொக்குக்கு 7 சதவீதம் ஒரு பொருட்டே இல்லை. விளிம்பில் நிற்கும் ஷொக்குக்கு அதுதான் விழுவதற்கும் நிற்பதற்கும் இடையிலான வித்தியாசம். நுவரெலியாவில் தங்கியிருந்த வீட்டு வாசலில் காலையில் பெட்டிகளை ஏற்றும்போது கதவு தோளில் மெல்ல வந்து உட்கார்ந்தது. அதே கதவு அன்று பின்னேரம் கொழும்புக்கு வந்தபோது ஒழுங்காக நின்றது. நின்றதைப் பார்த்து, சரி, பிரச்சினை இல்லை என்று விடுகிறவர்கள்தான் அதிகம். சோதிக்க வேண்டுமானால் விடிகாலையில், வண்டி வெயில் படாமல் இரவு முழுக்க நின்ற பிறகு சோதித்துப் பாருங்கள். மத்தியான வெயிலில் நின்ற வண்டியில் எந்த ஷொக்கும் கெட்டிக்காரன்தான்.

எப்படிச் சோதிப்பது? பூட்டைத் திறந்து கதவைக் கையால் மெதுவாகத் தூக்குங்கள். மூன்றில் ஒரு பங்கு உயரம் தாண்டியதும் அதுவாக ஏறத் தொடங்க வேண்டும். பாதியில் விட்டால் கீழே வரக்கூடாது. முழுதாகத் திறந்தபின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்திப் பாருங்கள். எதிர்ப்பே இல்லாமல் இறங்கினால் காலம் முடிந்துவிட்டது. இன்னொன்று, கதவு நன்றாக ஏறி மேலே போய் 'டமார்' என்று முட்டி நின்றால் வாயு இருக்கிறது, எண்ணெய் போய்விட்டது அல்லது ஷொக்கைத் தலைகீழாகப் பூட்டியிருக்கிறார்கள். பிறகு தண்டைப் பாருங்கள். கை வைத்தால் ஈரமாக எண்ணெய் பட்டால் சீல் போயிற்று.

என் வண்டியில் எண்ணெய்க் கசிவைவிடத் தண்டின் நிலைமைதான் மோசம். மரைன் டிரைவ் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, உப்புக் காற்று குரோம் பூச்சை விட்டுவைப்பதில்லை. நகத்தால் தண்டில் மேலும் கீழும் உரசினேன், சின்னச் சின்னப் புள்ளிகளாக அரித்திருந்தது. அந்தத் தண்டு ஒவ்வொரு முறை உள்ளே போய் வரும்போதும் சீலின்மேல் ஓர் அரம் போல ஓடுகிறது. சீல் எத்தனை நாளைக்குத் தாங்கும்? ஷொக்கின் மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் தண்டு இப்படியானால் அதற்கு வாயு அடைத்து வருவதில் பயன் இல்லை என்பது அப்போதே விளங்கிவிட்டது. தண்டுக்குக் கிறீஸ் பூசினால் காப்பாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் வேலைக்காகாது, கிறீஸில் தூசும் மணலும் ஒட்டி இன்னும் வேகமாகத் தேயும். சுத்தமான துணியால் அவ்வப்போது துடைப்பது போதும்.

இதற்கிடையில் உருளையில் ஒட்டியிருந்த அழுக்கை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். இந்த ஷொக்குகளின் உடம்பில் ஓர் எண்ணும் பக்கத்தில் 'என்' என்ற ஆங்கில எழுத்தும் இருக்கும், அதுதான் நியூட்டன் கணக்கில் விசை. இடது பக்கத்தில் 380. வலது பக்கத்தில் 500. இரண்டும் வேறு வேறு வண்டியினது. யாரோ எப்போதோ ஒரு பக்கம் மட்டும் மாற்றி, கையில் கிடைத்ததைப் பூட்டியிருக்கிறார்கள். கதவு ஏறும்போது ஒரு பக்கம் முந்துவதையும், மூடும்போது வலது மூலை கடைசியாக இறங்குவதையும் நான் அதுவரை பிணைச்சலின் கோளாறு என்று ஒரு மெக்கானிக் பாஸ் சொன்னபடி நம்பிக்கொண்டிருந்தேன். ஷொக்கை எப்போதும் சோடியாக மாற்ற வேண்டும் என்று சொல்வது வியாபாரத் தந்திரம் அல்ல. ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் பழையது என்றால் கதவு ஒவ்வொரு முறையும் முறுக்குப்படுகிறது. கண்ணாடிக் கதவு முறுக்குப்படுவது நல்லதல்ல. போர்ஷ 944இல் பின்கண்ணாடி அதன் சட்டத்திலிருந்து பிரிந்துவிடுவது பேர்போன கோளாறு. நம்முடையது அவ்வளவு நுட்பமான சாமான் இல்லை, ஆனாலும் கண்ணாடி கண்ணாடிதான்.

அடுத்தது பஞ்சிகாவத்தை. மருதானைப் பக்கம் போய் அங்கே இறங்கினால் ஒரு காரை முழுதாகப் பிரித்துப்போட்டு விற்பது போலத் தெரு முழுக்கச் சாமான். டிக்கி ஷொக்குகளைக் கயிற்றில் கட்டிக் கடை வாசலில் தொங்கவிட்டிருப்பார்கள். அங்கே 'டிக்கி ஷொக்' என்றே கேளுங்கள். 'ஸ்ட்ரட்' என்று கேட்டால் சில்லுப் பக்கத்துச் சாமானை எடுத்துவந்து வைப்பார்கள், அதுவும் செலிக்கா என்றால் இன்னும் குழப்பம், ஏனென்றால் அந்தக் காரின் சில வகைகளில் முன்பக்கச் சஸ்பென்ஷனுக்கே டொயோட்டா 'சூப்பர் ஸ்ட்ரட்' என்றுதான் பெயர் வைத்தது.

"நானா, 94 செலிக்காவுக்கு டிக்கி ஷொக் இருக்கா?"

"செலிக்காவுக்குத் தனியா எங்க தம்பி வரும்? இந்தா, கரினாட. போட்டா நிக்கும்."

போட்டால் நிற்கும் என்பது உண்மைதான். பிவிசி குழாயும் போட்டால் நின்றது. அங்கே தொங்குகிற பெரும்பாலானவை ஜப்பானில் வெட்டிய வண்டிகளிலிருந்து வந்தவை. ஒரிஜினல் என்பதும் பொய் அல்ல. ஆனால் என் காரின் வயதுதான் அவற்றுக்கும். அவற்றின் சீலும் முப்பது வருடச் சீல். அதனால் பழையது வாங்குவதில் தவறில்லை, சோதிக்காமல் வாங்குவதில்தான் தவறு. கடையிலேயே செய்யலாம்: தண்டு கீழே இருக்க, ஒரு மரத்துண்டின்மேல் நிமிர்த்தி வைத்து உடம்புப் பாரத்தால் அழுத்துங்கள். சுலபமாக இறங்கினால் வேண்டாம். எங்கேயோ ஓர் இடத்தில் 'லொடக்' என்று வழுக்கி இறங்கினாலும் வேண்டாம். நல்லது ஒரே சீராக எதிர்க்கும், விட்டதும் சீராக எழும்பும்.

வீட்டில் என்றால் இன்னும் ஒழுங்காகப் பார்க்கலாம். உடல் எடை பார்க்கும் தராசைத் தரையில் வைத்து, அதன்மேல் பலகை, அதன்மேல் ஷொக். இரண்டு கையாலும் மேலிருந்து நேராக அழுத்தி, தண்டு அசையத் தொடங்கும்போது தராசு என்ன காட்டுகிறது என்று இன்னொருவர் பார்க்கட்டும். கிலோவை 9.8 ஆல் பெருக்கினால் நியூட்டன். 420 நியூட்டன் ஷொக் 43 கிலோவுக்கு அருகே காட்ட வேண்டும். உராய்வினால் ஒன்றிரண்டு கிலோ கூடக் காட்டும், பரவாயில்லை. என்னுடைய 500இல் மிஞ்சியிருந்தது 27 கிலோ. 380இல் 19. உருளையில் அடித்திருக்கும் எண் பிறந்தபோது இருந்தது. தராசு காட்டுவது இன்றைக்கு இருப்பது. அழுத்தும்போது ஷொக் சரிந்து எகிறக்கூடும், சுவரோடு ஒட்டி நின்று செய்யுங்கள், முகத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

வாயு திரும்ப அடைத்துத் தருகிறவர்களும் இருக்கிறார்கள். என் நண்பன் ஒருவன் தன் பழைய காரின் ஷொக்கை அப்படிக் கொடுத்து எடுத்தான். உருளையில் துளை போட்டு வால்வு வைத்து, நைதரசன் அடைத்து, கையில் கொடுத்தபோது யானைப் பலம். ஒரு மழைக்காலம் முடிவதற்குள் கதவு திரும்ப இறங்கிவிட்டது. சீல் அதே பழைய சீல், தண்டு அதே பழைய தண்டு, பிறகு எப்படி நிற்கும்?

கடைசியில் நான் போனது அளவு கொடுத்து வாங்கும் வழிக்கு. காரின் பெயரைச் சொல்லி வாங்கும்போது கடைக்காரர் நினைக்கும் செலிக்காவும் நம் வாசலில் நிற்கும் செலிக்காவும் ஒன்று என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஸ்பொய்லர் உள்ள கதவுக்கும் இல்லாத கதவுக்கும் ஒரே பலம் போதாது. முப்பது வருடத்தில் யார் யார் எதை ஏற்றினார்கள், எதைக் கழற்றினார்கள் என்பதும் தெரியாது. ஆனால் அளவு பொய் சொல்லாது. உருளை விட்டமும் தண்டு விட்டமும் பெரும்பாலும் 18க்கு 8 அல்லது 22க்கு 10 மில்லிமீற்றர், இந்த இரண்டில் ஒன்றாகவே இருக்கும். நமக்கு வேண்டியது நீளம், ஓட்டம், விசை, முனை (வண்டியில் உள்ள பந்தில் கொளுவும் இடம்).

நீளத்தை முழுதாக நீண்ட நிலையில், ஒரு முனைப் பந்தின் நடுவிலிருந்து மறுமுனைப் பந்தின் நடுவரை அளக்க வேண்டும். நுனியிலிருந்து நுனிவரை அளந்து சொன்னால் கடையில் வேறு அர்த்தம். பல ஹட்ச்பேக்குகளில் கதவு எவ்வளவு உயரம் திறக்கும் என்பதை இந்த நீளம்தான் தீர்மானிக்கிறது. நீளம் கூடினால் கதவு பிணைச்சல் அனுமதிக்கும் அளவைத் தாண்டித் தள்ளி, மேல்விளிம்பு கூரையில் முட்டிப் பெயின்ற் போகும்.

ஓட்டம் என்பது தண்டு எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பது. இதை அளக்க ஒரு சின்ன வழி உண்டு, எனக்குப் பிடித்த பகுதியும் இதுதான். கதவு திறந்திருக்கும்போது பழைய ஷொக்கின் தண்டில், உருளையின் வாயை ஒட்டி ஒரு ரப்பர் வளையத்தைச் சுற்றி விடுங்கள். கதவை முழுதாக மூடிப் பூட்டி, திரும்பத் திறவுங்கள். உருளை அந்த வளையத்தைத் தள்ளிக்கொண்டு போய்த் தண்டில் ஓரிடத்தில் விட்டிருக்கும். வளையத்திலிருந்து உருளை வாய்வரை உள்ள தூரம்தான் உங்கள் காருக்கு வேண்டிய ஓட்டம். புது ஷொக்கின் ஓட்டம் இதைவிடக் குறைந்தது ஐந்து பத்து மில்லிமீற்றராவது கூட இருக்க வேண்டும். குறைவாக இருந்தால் கதவு மூடுவதற்கு முன்பே தண்டு அடிமட்டத்தில் முட்டிவிடும். அது தெரியாமல் பலம் கொண்ட மட்டும் அமுக்கினால் வளைவது கதவு அல்லது பிணைச்சல்.

இனி விசை. அக்கா கனடாவிலிருந்து வரும்போது சூட்கேஸ் நிறுக்கக் கொண்டுவந்த தொங்கு தராசு ஒன்று வீட்டில் இருந்தது. நம் வீடுகளில் அது இல்லாத வீடு குறைவு. மச்சானைக் கதவைப் பிடிக்க வைத்து, ஷொக் இரண்டையும் கழற்றி, கதவு ஏறத்தாழ நிலத்துக்குச் சமாந்தரமாக இருக்கும் உயரத்தில் பூட்டு முனையில் தராசைக் கொளுவி நேராக மேலே தூக்கினேன். பாரம் மிக அதிகமாக உணரப்படுவது அந்த நிலையில்தான், அதனால் கணக்கை அங்கே பார்த்தேன்.

"எவ்வளவு நேரமடா இதைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது?" என்று மச்சான் கேட்டான். தராசைக் கொளுவும்போது பாரம் முழுவதும் தராசில் இருக்க வேண்டும், அவன் கை சும்மா பாதுகாப்புக்கு மட்டும். அதை அவனுக்கு விளங்கப்படுத்துவதற்குள் இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று.

கணக்கை வட்ட எண்களில் சொல்கிறேன். தராசு 10 கிலோ காட்டுகிறது, பிணைச்சலிலிருந்து பூட்டுவரை 1.1 மீற்றர் என்றால், பெருக்கி 9.81 ஆலும் பெருக்க 108 நியூட்டன் மீற்றர் வருகிறது. ஷொக் பூட்டியிருக்கும்போது, கதவு அதே உயரத்தில் இருக்க, பிணைச்சலின் அச்சிலிருந்து ஷொக்கின் கோட்டுக்குச் செங்குத்தாக உள்ள தூரத்தை முன்பே அளந்து வைத்திருக்க வேண்டும். ஷொக்கின் நீளத்துக்கு ஒரு நூலை இழுத்துப் பிடித்து, மூலைமட்டத்தால் அளக்கலாம். அது 15 சென்ரிமீற்றர் என்று வைப்போம். 108ஐ 0.15 ஆல் வகுத்தால் 720. இரண்டு ஷொக், ஆகவே ஒன்றுக்கு 360. அதற்கு மேல் 15 சதவீதம் வைத்தால் 414. கடையில் கிடைக்கும் அடுத்த எண் 420. அந்தப் பதினைந்து சதவீதம் நுவரெலியாக் குளிருக்கும், வருடங்கள் போகப்போகக் கசியும் வாயுவுக்கும்.

கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும் என்று 600 வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கதவு பறக்கும், பார்க்க நன்றாக இருக்கும். மூடும்போது இரண்டு கையாலும் தொங்க வேண்டும். வீட்டில் உயரம் குறைந்தவர்கள் அந்தக் கதவைத் திறப்பதையே விட்டுவிடுவார்கள். பூட்டும் எப்போதும் இழுபட்டபடியே இருக்கும்.

பூட்டும் வேலை அரைமணி நேரம்கூட இல்லை, ஆனால் முந்திய நாளே துருப்பிடித்த போல்ட்டுகளுக்கும் பந்து முனைகளுக்கும் டபிள்யூ டி 40 அடித்து ஊற விட்டது பெரிய உதவி. டொயோட்டாவில் பெரும்பாலும் 10 அல்லது 12 ஸ்பானர் போதும். வராத போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். கதவுத் தகட்டுக்கு உள்ளே ஒட்டவைத்திருக்கும் நட் பிடுங்கிக்கொண்டு சுற்றத் தொடங்கினால் அரைமணி வேலை வெல்டிங் வேலையாகிவிடும். ஊற விட்டு, கொஞ்சம் இறுக்கி, பிறகு கழற்றுங்கள். இறுக்கிக் கழற்றுவது தலைகீழாகத் தோன்றினாலும் துருவின் பிடி அதில்தான் விடும்.

குழாயை முட்டுக்கொடுத்து, கூடவே மச்சானையும் நிறுத்தி, ஒரு பக்கத்தை மாற்றி முடித்த பிறகுதான் மறுபக்கத்தைத் தொட்டேன். பந்து முனையைப் பிடித்திருக்கும் வளைகம்பியைச் சின்னத் தட்டை ஸ்க்ரூ டிரைவரால் சற்றே நெம்பினால் போதும், முழுதாக வெளியே இழுக்கத் தேவையில்லை. இழுத்தால் அது துள்ளிப் போய்ப் பக்கத்து வீட்டுக் காரின் கீழே விழும், பிறகு தரையில் படுத்துத் தேட வேண்டும். பக்கத்தில் பெயின்ற் உள்ள இடத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். புது ஷொக்கை மாட்டுவதற்கு முன் பந்தில் ஒரு துளி லிதியம் கிறீஸ். கதவு மூடியிருக்கும் நிலையில் தண்டு கீழ்நோக்கி இருக்கும்படி பூட்ட வேண்டும், அப்போதுதான் எண்ணெய் சீலின்மேல் தேங்கி நின்று அதைக் காயவிடாது. அழுத்தியதும் 'டக்' என்ற சத்தம் கேட்க வேண்டும். கேட்கவில்லை என்றால் பூட்டவில்லை. சந்தேகம் இருந்தால் முனையைப் பிடித்து ஒரு இழு.

பழைய ஐரோப்பியக் கார் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு விஷயம்: சில வண்டிகளில் பின்கண்ணாடியைச் சூடாக்கும் மின்சாரமே ஷொக் வழியாகத்தான் போகும், முனையில் வயர் கொளுவியிருக்கும். அப்படி இருந்தால் சாதாரண ஷொக் போட்டதும் கண்ணாடிச் சூடேற்றி வேலை செய்யாது. கொழும்பில் அதை யார் போடுகிறார்கள் என்றாலும், மழைநேரத்தில் கண்ணாடி புகாரடிக்கும்போது தேவைப்படும்.

இரண்டும் பூட்டியபின் கதவை ஒரேயடியாக அறைந்து மூடாதீர்கள். மெதுவாக இறக்கி, பூட்டுக்கு ஒரு விரலளவு மேலே நிறுத்தி, இரண்டு ஷொக்கிலும் தண்டு இன்னும் கொஞ்சம் வெளியே தெரிகிறதா என்று பக்கக் கண்ணாடி வழியாக ஒருவர் பார்க்கட்டும். தெரிந்தால் மூடலாம். புதிது என்பதால் முதல் சில தடவை இறுக்கமாக இருக்கும், பிறகு பழகிவிடும். மூலைகளில் உள்ள ரப்பர் முட்டுகளையும் பாருங்கள். சில வண்டிகளில் அவற்றைத் திருகி உயரம் மாற்றலாம். என்னுடையதில் ஒன்று தட்டையாகிப் போயிருந்தது, மாற்றியதும் கதவின் கடகடப்பு நின்றது. பிணைச்சல் பக்கத்தில் வயர்கள் போகும் ரப்பர் குழலும் வெடித்திருக்கக்கூடும். கதவு இப்போது முன்பைவிட உயரமாகத் திறப்பதால் அந்த வயர்கள் கூடுதலாக இழுபடும், அதையும் ஒரு பார்வை பார்ப்பது நல்லது.

கழற்றிய ஷொக்குகளைப் பழைய இரும்பு, போத்தல், பேப்பர் எடுக்க வருகிறவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள். கதவைத் தாங்க முடியாத ஷொக்குக்குள்ளும் அழுத்தம் மிச்சம் இருக்கிறது. 19 கிலோ காட்டியது என்றால் உள்ளே இன்னும் முப்பது நாற்பது பார் இருக்கிறது என்று பொருள். வெட்டினாலோ குப்பையோடு நெருப்பில் போட்டாலோ வெடிக்கும். என்னுடையவற்றை, இப்படியானவற்றின் வாயுவை இறக்கத் தெரிந்த கராஜ்காரரிடம் விஷயத்தைச் சொல்லியே கொடுத்தேன்.

இப்போது கதவு பூட்டைத் திறந்ததும் தானாக எழும்பி, மேலே போய் மெத்தென்று நிற்கிறது. அதில்தான் ஒரு புதுச் சிக்கல். எங்கள் தொடர்மாடியின் கீழ்த்தள வாகனத் தரிப்பிடத்தில் கூரையை ஒட்டி ஒரு தண்ணீர்க் குழாய் ஓடுகிறது. பழைய ஷொக் இருந்த காலத்தில் கதவு அந்த உயரத்துக்கு ஏறியதே இல்லை. இப்போது ஸ்பொய்லரின் நுனி அதைத் தொடுகிறது. குழாயில் அந்த இடத்துக்கு மட்டும் ஸ்பொஞ்ச் சுற்றியிருக்கிறேன். காரையும் பின்பக்கம் சுவரைப் பார்க்க விடாமல், மூக்கை உள்ளே விட்டு நிறுத்துகிறேன். காவலாளிக்கு அது பிடிக்கவில்லை. மற்றவர்கள் எல்லாரும் பின்னால் எடுத்துத்தான் விடுகிறார்களாம்.